கிளாலிப் பாதையும் சபை அலுமாரியும்

எங்கள் சபையின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மிச்சம் என்ற ஊருக்குப் போகும் பஸ் வந்து போய்விடும். ஆகவே 'சபை' என்றே சொல்கிறேன். லண்டன் மோர்டனில் ஒரு தேவாலய மண்டபத்தின் பின் அறைதான் எங்கள் காரியாலயம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு அது எங்களுடையது. சபையின் நோக்கம் என்ன என்பது யாப்பின், அதாவது சபை விதிப் புத்தகத்தின், முதற் பக்கத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. யாப்பு அலுமாரிக்குள் இருக்கிறது.

அந்த அலுமாரியைப் பற்றி முதலே சொல்லிவிட வேண்டும். இரும்பு அலுமாரி, இரண்டு பூட்டு. ஒரு பூட்டின் திறப்பு தலைவரிடம், மற்றது செயலாளரிடம். 1984இல் யாரோ இரவல் கொண்டுபோன ஆர்மோனியம் திரும்பி வராததால் வந்த ஏற்பாடு இது. அந்த வருடமே யாப்பில் பதினேழாம் விதியையும் சேர்த்தோம்: அலுமாரிக்குள் போன எப்பொருளும் நிர்வாகக் குழுவின் தீர்மானம் இன்றி வெளியே வரலாகாது. அதன்பிறகு சபையின் பொருள் ஒன்றும் காணாமற் போகவில்லை. ஒன்றும் பயன்படவுமில்லை.

நான் உப செயலாளர் அம்பலவாணன். கூட்ட அறிக்கை எழுதுவது என் வேலை. பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். 'காரசாரமான விவாதத்தின் பின் ஏகமனதாக' என்ற வரியை என்னைவிட அதிகம் எழுதியவர் லண்டனில் இருக்க மாட்டார்.

1995ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை செபமாலைமுத்து எங்கள் கூட்டத்துக்கு வந்தார். மிச்சத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து அந்தச் சட்டையோடே வந்திருந்தார். ஊரில் சண்டை நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. பத்து வருடமாக அகதிக் கடதாசியோடு இருந்தவருக்கு டிசம்பரில்தான் பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்திருந்தது. ஒரு கையில் அந்தப் பாஸ்போட், மறு கையில் யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான குருநகரிலிருந்து அவருடைய அக்கா இசபெல் எழுதிய கடிதம். தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அக்காதான்.

அவர் ஒரு கேள்வி கேட்க வந்திருந்தார். ஒரே ஒரு கேள்வி.

"ஐயா, அக்காவுக்கு வயித்திலை கட்டி. பெரிய வெள்ளிக்கு முதல் வரச் சொல்லி எழுதியிருக்கிறா. இந்தப் பாஸ்போட்டோடை வவுனியா தாண்ட விடுவினமோ, இல்லாட்டி வேறை ஏதும் கடதாசி எடுக்க வேணுமோ?"

தலைவர் சபாரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். ஓய்வுபெற்ற எஞ்சினியர். 1961இல் லண்டன் வந்தவர், 1974இல் ஒருமுறை ஊருக்குப் போய்வந்தவர். கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு நீளும் என்பது எங்களுக்குத் தெரியும்.

"நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு உடனை பதில் சொல்லக்கூடாது" என்றார் தலைவர். "இண்டைக்கு இவருக்குச் சொன்னால் நாளைக்கு இன்னொருத்தர் வருவார். பாதை திறந்திட்டுது. இனி எங்கடை சனம் போகும், பிள்ளையள் போகும், வெள்ளைக்காரரும் போவினம். அவைக்கெல்லாம் அடிப்படை விபரம் ஆர் சொல்லுறது? ஆகவே ஒரு நூல் வெளியிடுவம். நூல் வந்தால் இவரின்ரை கேள்விக்கும் பதில் அதிலை இருக்கும்."

எல்லாரும் கை தட்டினோம். செபமாலைமுத்துவும் தட்டினார். 'இலங்கை செல்லும் பயணிகளுக்கு இன்றியமையாத அடிப்படைத் தகவல்கள்' என்று அன்றே தலைப்பும் வைத்தாயிற்று. காரசாரமான விவாதத்தின் பின் ஏகமனதாக.

செயலாளர் ஸ்ரீஸ்கந்தராஜா, கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு எழும்பியே நின்றுவிட்டார். அந்தக் கடிதத்தில் பாதை முழுவதும் இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"தம்பி, பாதை திறந்திருக்கு. கொழும்பிலையிருந்து வவுனியாவுக்கு ரெயில் இருக்கு. இறங்கினவுடனை ஆமிக்காரன் மறிப்பான், பயப்பிடாதை, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பிறகு சைக்கிள்காரர் நிப்பினம், ஏத்திக்கொண்டு போவினம். கிளிநொச்சியாலை டிராக்டர். பிறகு கிளாலிக் கடல். வள்ளத்திலை நடுவிலை இரு, கையை வெளியாலை போடாதை. இக்கரையிலை பீற்றர் வானோடை நிப்பான். டொக்டர் சொன்னதை நான் எழுதேல்லை. ஒண்டும் கொண்டராதை. உன்னை ஒருக்காப் பாக்க வேணும், அவ்வளவுதான்."

"இது மூல ஆவணம்" என்றார் செயலாளர். மூல ஆவணம் அலுமாரிக்குள் போக வேண்டும்.

பாஸ்போட் உள்ளே போனது வேறு காரணத்தால். 'பயண ஆவணங்கள்' என்ற அத்தியாயத்துக்கு மாதிரிப் படமாக ஒரு பாஸ்போட் தேவைப்பட்டது. எங்கள் எல்லாரிடமும் பாஸ்போட் உண்டு. ஆனால் அதில் பிறந்த வருடம் இருக்கிறதே! தலைவர் ஐந்து வருடமாகத் தன் அறுபதாவது பிறந்தநாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். செயலாளருக்கு அப்போதுதான் இரண்டாம் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆகவே எல்லாரும் செபமாலைமுத்துவின் கையைப் பார்த்தோம்.

"படம் எடுத்தவுடனை தந்திடுவியளோ?" என்று கேட்டார்.

"ஓம், ஓம். அடுத்த ஞாயிறு" என்றார் செயலாளர். இரண்டு திறப்பும் திரும்பின.

அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது 'மின்சாரம்' என்ற பகுதி நடந்துகொண்டிருந்தது. இருநூற்று முப்பது வோல்ட், உருண்டை முனையுள்ள மூன்று கால் பிளக் என்று தலைவர் சொல்ல நான் எழுதினேன். செபமாலைமுத்து கை உயர்த்தினார்.

"ஐயா, அங்கை கரண்ட் இல்லை. ஐஞ்சு வருஷமாய் இல்லை. விளக்குத்தான்."

தலைவர் பொறுமையாகச் சொன்னார்: "கரண்ட் இல்லாட்டிலும் வோல்ட்டேஜ் எவ்வளவு எண்டு பயணிக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

பிறகு 'போக்குவரத்து' வந்தது. யாழ்தேவி ரெயில் கொழும்புக் கோட்டையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும், எந்த எந்த ஸ்டேசனில் எவ்வளவு நேரம் நிற்கும், எங்கே வடை நல்லது என்றெல்லாம் தலைவர் மனப்பாடமாகச் சொன்னார். எங்களில் இரண்டு பேருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வவுனியாவுக்கு அங்காலை ரெயில் ஓடுறேல்லை ஐயா" என்றார் செபமாலைமுத்து. "தண்டவாளத்தையும் கழட்டிப்போட்டினம். சிலிப்பர் கட்டையளை அடுக்கி பங்கர் கட்டியிருக்கினம்."

"ரெயில் நிண்டது தற்காலிகம், தம்பி. நேரசூசி நிரந்தரம்."

இதை அப்படியே அறிக்கையில் எழுதும்படி தலைவர் என்னிடம் சொன்னார். எழுதினேன். கூட்டம் முடிந்ததும் செபமாலைமுத்து பாஸ்போட்டைக் கேட்டார். படம் எடுப்பவருக்கு அன்று தடிமனும் இருமலும், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றார் செயலாளர்.

அடுத்த ஞாயிறு படம் எடுத்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்கக் கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புக் கோடு போடுவதாகவும் முடிவு செய்தார்கள். பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு வந்தபோதுதான் செயலாளர் பதினேழாம் விதியை நினைவுபடுத்தினார். தீர்மானம் வேண்டும். தீர்மானம் கொண்டுவர ஏழு நாள் முன்னறிவித்தல் வேண்டும். முன்னறிவித்தலை அங்கத்தவர் ஒருவர்தான் கொடுக்கலாம். செபமாலைமுத்து அங்கத்தவர் அல்ல. அங்கத்துவப் படிவம் அலுமாரிக்குள் இருந்தது.

"படிவத்தை வெளியிலை எடுக்கிறதுக்குத் தீர்மானம் வேணுமோ?" என்று அவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வேணும்" என்றார் செயலாளர்.

படிவத்துக்கு ஒரு ஞாயிறு, அங்கத்துவத்துக்கு ஒரு ஞாயிறு போயின. அங்கத்துவப் படிவத்தில் 'ஊர்' என்ற இடத்துக்குப் பக்கத்தில் 'குறிச்சி', அதாவது ஊரின் எந்தப் பகுதி, என்றும் ஒரு கட்டம் உண்டு. அவர் குருநகர் என்று எழுதியதைத் தலைவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "குருநகரிலை எந்தப் பக்கம்?" என்றார். "கடற்கரைப் பக்கம் ஐயா" என்றார் அவர். தலைவர் கையெழுத்து வைத்தார். தேநீர் வந்தபோது அவருக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். அன்றைக்குக் கோப்பை குறைவு என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

மார்ச் மாதம் நூல் வேகம் எடுத்தது. எங்கள் குழுவில் கடந்த பத்து வருடத்தில் இலங்கைக்குப் போன ஒரே ஆள் மலேசியரான லெட்சுமணன். நீர்கொழும்பில் ஒரு கடற்கரை ஹோட்டலில் நான்கு நாள் தங்கியவர். ஆகவே 'மக்களும் பழக்கவழக்கங்களும்' என்ற அத்தியாயத்தை அவரிடம் கொடுத்தோம். அவர் உற்சாகமாக எழுதி வந்து வாசித்தார்:

"உள்ளூர் மக்கள் அன்பானவர்கள். எப்போதும் புன்னகை செய்வார்கள். அவர்களோடு மெதுவாகவும் எளிமையாகவும் பேசவும். படம் எடுக்கும்முன் அனுமதி கேட்கவும். குழந்தைகளுக்குப் பேனா கொடுத்தால் மகிழ்வார்கள்."

"எங்களைப் பற்றியே எழுதியிருக்கிறியள்?" என்று கேட்டார் செபமாலைமுத்து.

"ஆமா சார்," என்றார் லெட்சுமணன் சந்தோஷத்தோடு. "நான் நேர்ல பார்த்ததைத்தான் எழுதியிருக்கேன்."

கெட்ட மனிதர் இல்லை லெட்சுமணன். அன்றைக்குப் பாஸ்போட்டைக் கொடுத்துவிடலாமே என்று வாய் திறந்தவர் அவர் ஒருவர்தான். ஒழுங்குப் பிரச்சினை என்று செயலாளர் எழும்பியதும் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வந்தது 'பார்க்க வேண்டிய இடங்கள்'. அங்கேதான் வினை. ஒன்பது பேர் குழுவில் லெட்சுமணனைத் தவிர ஆளுக்கொரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒவ்வொரு முழுப் பக்கம், படத்தோடு. படத்தில் அதிபர் இருக்கையில் இருப்பார், பின் வரிசையில் எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் அம்புக்குறியோடு நிற்பார். கோயில், கோட்டை, கடற்கரை எல்லாவற்றுக்கும் சேர்த்து அரைப் பக்கம் மிஞ்சியது. எந்த ஊரை முதலில் போடுவது என்று மூன்று ஞாயிறு சண்டை. அகரவரிசை என்றேன் நான். அகரத்தில் ஊர் இல்லாதவர்கள் என்னை முறைத்தார்கள்.

அந்தச் சண்டைக்கு நடுவில் செபமாலைமுத்து மெல்லச் சொன்னார்: "ஏலுமெண்டால் குருநகரையும் ஒரு வரி போடுங்கோ."

"குருநகரிலை பாக்க என்ன இருக்கு?" என்றார் தலைவர்.

"அக்கா இருக்கிறா."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு தலைவர், அது தனிப்பட்ட விடயம், நூல் பொதுமக்களுக்கானது என்று விளக்கினார். நான் பேனாவை எடுத்தேன்.

கடைசியில் ஊர் வரிசையில் மனம் நொந்து நான்கு பேர் ராஜினாமா. ஐந்தாவது ஆள் மகளின் கல்யாணத்துக்குக் கனடா போனார். தீர்மானம் நிறைவேற்ற ஐந்து பேர் வேண்டும், மிஞ்சியது நால்வர். செபமாலைமுத்துவின் ஏழு நாள் முன்னறிவித்தல், ஊர்ச் சண்டையில் முறை வராமல், கையில் ஆயத்தமாக இருந்தது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

அவர் ஏப்ரல் ஏழாம் திகதிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். ஐந்தாம் திகதி தலைவர் வீட்டுக்கே போனார். வழி தெரியாது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தலைவர் எங்களை வாசலில் வைத்தே அன்போடு பேசினார்.

"தம்பி, உம்மடை கவலை எனக்கு விளங்குது. எனக்கும் அக்கா இருந்தவ. நான் திறப்பைத் தரலாம். ஆனால் நான் தந்தால் அது தலைவர் தந்ததாய்ப் போயிடும். ஒரு ஆளுக்காக விதியை மீறினால், பிறகு எல்லாரும் தங்கடை பொருளைத் தாங்கள் கேட்க வெளிக்கிட்டிடுவினம்."

திரும்பும் பஸ்ஸில் நான் அவருக்கு ஒரு யோசனை சொன்னேன். பாஸ்போட் தொலைந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்து அவசரமாகப் புதிது எடுக்கலாம் என்றேன்.

"துலையேல்லையே, அண்ணை. அலுமாரியிலை எல்லோ இருக்கு" என்றார். "எழுதிக்கேட்டால் ஒரு நாளைக்குத் தருவினம்தானே. பத்து வருஷம் விசாக் கடிதத்துக்குக் காவல் இருந்தனான்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். குத்துவிளக்கும் அலுமாரிக்குள்தான் இருக்கும். பொங்கல் விழா அன்று தலைவரோ செயலாளரோ பிந்தி வந்தால் விளக்கு இல்லாமல் விழா தொடங்க முடியாதே! அதற்காக இரண்டு பூட்டுக்கும் மாற்றுத் திறப்பு உப செயலாளரிடம் இருக்கும். அவசர தேவைக்கு மட்டும் பாவிக்கலாம். எது அவசரம் என்று யாப்பில் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் இருந்தபோது அந்தத் திறப்புகள் என் கோட்டுப் பைக்குள்தான் இருந்தன.

ஏழாம் திகதி விமானம் போனது. பெரிய வெள்ளி வந்து போனது. பத்தொன்பதாம் திகதி புதன்கிழமை காலை, திருகோணமலையில் கப்பல் வெடித்தது, சண்டை மறுபடி தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தது. பாதை மூடிவிட்டது. நூல் வெளியீடு இருபத்திரண்டாம் திகதி சனிக்கிழமை.

வெளியீட்டை நிறுத்துவதா என்று அவசரக் கூட்டம் போட்டோம். சிற்றுண்டிக்கு நூற்றைம்பது ரோல்சுக்குச் சொல்லியாயிற்று, மண்டபமும் பதிவு செய்தாயிற்று. குத்துவிளக்கில் ஆளுக்கொரு திரி கொளுத்தலாம் என்று வாக்குக் கொடுத்து ராஜினாமாச் செய்த நால்வரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டோம். எண்ணிக்கை கூடியதால் கூட்டத்தின் கடைசியில் பாஸ்போட் தீர்மானமும் நிறைவேறியது. அதை மேடையில் வைத்துப் பொன்னாடையோடு கையளிப்பது என்றும் தீர்மானித்தோம். நூலை மீண்டும் அச்சிட நேரம் இல்லாததால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்தோம்:

"திருத்தம்: 22ஆம் பக்கம் முதல் 31ஆம் பக்கம் வரை கூறப்பட்ட பாதைகள் தற்போது இல்லை. ஏனைய தகவல்கள் யாவும் சரியானவை."

மண்டபம் நிறைந்திருந்தது. லண்டனின் மறு கோடியில் இருக்கும் இல்ஃபோர்டிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிலபேர் கேட்கினம், போக ஏலாத நேரத்திலை பயண நூல் எதுக்கெண்டு. நான் திருப்பிக் கேட்கிறன். போறவனுக்குப் புத்தகம் எதுக்கு? அவன் போய்ப் பாத்திடுவான். போகாதவனுக்குத்தான் தகவல் வேணும். நான் இருபத்தொரு வருஷமாய்ப் போகேல்லை. என்னைவிட ஊரைப் பற்றித் தெரிஞ்சவர் இந்த மண்டபத்திலை ஆரும் இருக்கினமோ?"

பலத்த கைதட்டல். பிறகு செபமாலைமுத்துவை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், பாஸ்போட்டைக் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். முதற் பிரதியையும் அவருக்கே கொடுத்து, இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள்.

அவர் தன் கேள்விக்குப் பதில் தேடிப் புத்தகத்தைப் புரட்டினார். அது முப்பதாம் பக்கத்தில் இருந்தது: 'வவுனியாவுக்கு அப்பால் செல்ல விரும்புவோர் உரிய அதிகாரிகளிடம் விசாரித்து அறிக.' முப்பத்தோராம் பக்கத்தில் அக்காவின் கடிதம், செயலாளரின் செந்தமிழில். 'படகின் மத்தியில் அமர்க. கரங்களை வெளியே நீட்டற்க. அக்கரையில் வாகன வசதி உண்டு.' அதோடு முடிந்தது. கடைசி வரிகள் தகவல் அல்ல என்று நீக்கியிருந்தோம். அந்தத் தீர்மானத்துக்கு நானும் கை உயர்த்தியவன்.

அவர் புத்தகத்தை மூடிவிட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார்.

"அக்கா வரச் சொன்னவ" என்றார். "நான் போகேல்லை." புத்தகத்தைப் பார்த்தார். "புத்தகம் வடிவாய் வந்திருக்கு."

பேச்சு முடிந்தது என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். 'திரு. செபமாலைமுத்து அவர்களும் உரையாற்றினார். அதன் பின் சிற்றுண்டி வழங்கப்பட்டது' என்று அன்றைய அறிக்கையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. தீர்மானத்தில் பாஸ்போட்டை மட்டும்தான் குறிப்பிட்டிருந்தோம். கடிதத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அது இன்னும் மூல ஆவணம் என்ற பெயரில் உள்ளேயே இருந்தது. பாதை மூடினால் தபாலும் நின்றுவிடும். இனி அக்காவிடமிருந்து அவருக்கு வேறு கடிதம் வருமோ என்பது யாருக்கும் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மோர்டனுக்குப் போனேன். அலுமாரியைத் திறந்தேன். இரண்டு பூட்டும் சத்தமில்லாமல் திறந்தன. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மிச்சத்துப் பெற்றோல் நிலையத்துக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்தில் நான் மீறிய ஒரே விதி அதுதான். பஸ்ஸில் இருந்தபோது என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்ததையும் ஒத்துக்கொள்கிறேன்.

செபமாலைமுத்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றார். காசு வாங்கும் தட்டில் கடிதத்தை வைத்துத் தள்ளினேன். எடுத்து விரித்தார். கடைசி வரியை மட்டும் வாசித்தார் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம்தான் எடுத்தது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கூட்டம் நடந்ததோ அண்ணை?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப தலைவரும் செயலாளரும் வந்து திறந்தவையோ?"

"இல்லை. நான்தான் திறந்தனான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"உங்களிட்டைத் திறப்பு இருந்ததோ அண்ணை?"

"ஓம்" என்றேன்.

எனக்குப் பின்னால் நாலாம் நம்பர் பம்பில் பெற்றோல் அடித்தவர் காசு கட்ட வந்து நின்றார். நான் விலகி அவருக்கு இடம் விட்டேன்.